ஒன்பதாவது நோட்டு

பழைய பண நோட்டைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவ வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். கழுவின கையைச் சொட்டு ஈரமில்லாமல் துடைக்க வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. துண்டு அந்த நாற்காலி முதுகில் கிடக்கிறது, எடுத்துக்கொள் பாப்பா. உனக்கு முப்பது வயதாகிவிட்டது, வெளியூரில் பத்துப் பேருக்கு மேலே அதிகாரம் செய்கிறாய். எனக்கு நீ பாப்பாதான். அப்படியே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். அப்பா போய் மூன்று வாரம் ஆகிறது. அவர் சேர்த்து வைத்த பதினான்கு ஆல்பம் நோட்டுகளை விற்கலாமா, விற்பதென்றால் எப்படி விற்பது என்பது ஒன்று. மூன்றாவது ஆல்பத்தின் அட்டைக்குள்ளிருந்து ஒரு கடிதம் விழுந்ததே, அது என்ன, உன் அம்மாவுக்கு ஆபரேஷன் நடக்காமல் போனதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டாவதற்கும் தானாக வந்து சேர்ந்துவிடுவேன். ஒளிக்க ஒன்றுமில்லை. அறுபத்தாறு வயதில் ஒளித்து என்ன கிழிக்கப்போகிறேன்.

விற்க மூன்று வழி இருக்கிறது. ஒரு வியாபாரியிடம் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கலாம். பணம் அன்றைக்கே வரும், ஆனால் கால் விலைதான். ஏலத்துக்கு அனுப்பலாம், நல்ல விலை வரும், பணம் கைக்கு வர எட்டு மாதம் ஆகும். ஒவ்வொன்றாகவும் விற்கலாம். அப்படிச் செய்தால் லட்சணமான நோட்டெல்லாம் முதல் மாதமே போய்விடும், கழித்துப் போட்டது உன் தலையில் நிற்கும். உனக்கு அவசரமில்லை, அதனால் ஏலம்தான் சரி. அவசரப்பட்டு விற்கிறவனுக்கு அடிமாட்டு விலைதான் கிடைக்கும். இதையேதான் பதினொரு வருடத்துக்கு முன்னால் உன் அப்பாவிடமும் சொன்னேன். அவருக்கு அவசரம் இருந்தது.

என் அண்ணன், அதாவது உன் அப்பா, துறைமுகத்தில் இறங்குகிற பெட்டிகளைச் சரிபார்த்து எழுதுகிற வேலையில் இருந்தார். கப்பல்காரர்கள் பையில் மிச்சம் மீதி கிடக்கிற நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் புத்தகம் பைண்டிங் செய்கிறவன். நோட்டு அவர் கொண்டுவருவார், ஆல்பம் நான் கட்டுவேன். சேர்ப்பதில் அண்ணனுக்கு ஒரே ஒரு கொள்கை. அந்த நோட்டை அடித்த அரசாங்கம் இப்போது உயிரோடு இருக்கக் கூடாது. பெயர் மாறின நாடு, பக்கத்து நாட்டுக்குள் கரைந்துபோன நாடு, பதினேழு மாதம் மட்டும் தனிக்கொடி ஏற்றிய தீவு, இப்படித்தான் சேர்த்தார். "ராஜாவே போயாச்சு, அவன் கையெழுத்து மட்டும் நம்ம வீட்ல குடியிருக்கு பாருடா" என்பார். எனக்குக் காகிதம் தெரியும் என்பதால் காகித டாக்டர் என்று என்னைக் கேலி செய்வார். ஆனால் டாக்டர் சொன்னதைத் தட்டமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆல்பங்களைத் திறப்போம். அண்ணி தரையில் வெள்ளைப் போர்வை விரித்துக் கொடுத்துவிட்டு, நோட்டு பறக்கக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். பிறகு அவரும் அந்தப் புழுக்கத்திலேயே உட்கார்ந்து கீரையோ பயறோ ஆய்ந்துகொண்டிருப்பார். "செல்லாத காச வச்சுக்கிட்டு அண்ணனும் தம்பியும் என்னமா செல்லம் கொஞ்சுறீங்க" என்று சிரிப்பார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பின்கட்டு அறையை எனக்கென்று ஒழித்துக் கொடுத்தவர் அண்ணி. பசை காய்ந்து அட்டை மாதிரி நிற்கும் என் சட்டைகளை முப்பத்தொரு வருடம் துவைத்துப் போட்டவர். உன் அம்மாவைப் பற்றி ஒரு குறை சொன்னாலும் என் நாக்கு அழுகிப் போகும்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள், விற்கிறபோது உனக்கு உதவும். நோட்டுச் சேர்க்கிறவர்களில் புதிதாக வருகிற எல்லாரும் செய்கிற பாவம் ஒன்று உண்டு. அழுக்கு நோட்டைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துண்டுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போடுவது. பார்க்கப் புது நோட்டு மாதிரி பளிச்சென்று இருக்கும். ஆனால் அச்சடிக்கும்போது எழுத்தெல்லாம் காகிதத்தில் லேசாகப் புடைத்து நிற்குமல்லவா, கட்டைவிரலுக்குத் தெரியுமே, அந்தப் புடைப்பு சூட்டில் படுத்துவிடும். ஒரு முறை படுத்தது எழுந்திருக்காது. தெரிந்தவன் சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவான். பிறகு அந்த ஆளிடம் வருகிற நல்ல நோட்டையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பான். உன் அப்பா இருபது வயதில், சேர்க்கத் தொடங்கிய முதல் வருடம், அந்தப் பாவத்தைச் செய்தார். பதினொரு நோட்டு. அத்தனையும் சில்லறை நோட்டுகள், போனால் போகிறது என்று விடக்கூடியவை. விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அத்தோடு விட்டார். அந்தப் பதினொன்றும் முதல் ஆல்பத்தில் இருக்கின்றன.

அடுத்த வருடம்தான் அந்த ஒன்பது வந்தது. பதினேழு மாதத் தீவு என்று சொன்னேனே, அதன் கஜானா வெளியிட்ட நோட்டுகள் மொத்தமே ஒன்பது மதிப்புகள்தான். தொலைந்துபோன பெட்டியைத் தேடிக் கொடுத்தார் என்று ஒரு வயதான மாலுமி ஒன்பதையும் ஒரே கவரில் போட்டு அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கசங்கவில்லை, மடிப்பு விழவில்லை. ஒன்பதும் சேர்ந்து இருக்கிற இடம் உலகத்தில் ஐந்தோ ஆறோதான் இருக்கும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பதினான்கு ஆல்பங்களின் விலையில் பாதிக்கு மேல் அந்த ஒன்பதின் விலைதான்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அண்ணிக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வயசாச்சு, உடம்பு போட்டுடுச்சு என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு நாள் துணி காயப்போடும்போது மயங்கி விழுந்தார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, ஆறு மாதத்துக்குள் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ அப்போது முதல் வருடம் படிக்கப் போயிருந்தாய். பரீட்சை முடியட்டும், பிள்ளையைக் கலங்கடிக்க வேண்டாம் என்று உன்னிடம் சொல்லவில்லை. அது அண்ணியின் முடிவு, என்னுடையதல்ல.

டாக்டர் சொன்ன மறுநாள் காலை அண்ணன் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார். "அந்த ஒம்பதையும் வித்துடலாம்டா. அது போதும். மீதி இருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். முப்பத்தேழு வருட விஷயம். ஒரு மிடறுக்கும் அடுத்த மிடறுக்கும் நடுவில் முடிவாகிவிட்டது. குரல்கூடத் தழுதழுக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று இருந்தது. தப்பாக நினைக்காதே, அண்ணிக்குச் செலவு செய்யக் கூடாது என்றா நான் நினைப்பேன். ஒரு வார்த்தை "நீ என்னடா சொல்றே" என்று கேட்டிருக்கலாம் இல்லையா. ஒவ்வொரு ஆல்பத்தின் முதுகையும் தைத்தவன் நான். அந்த ஒன்பதுக்கு மட்டும் தனித்தனி ஜன்னல் வெட்டி, அமிலமில்லாத அட்டை தேடி அலைந்து, நான்கு மாதம் உட்கார்ந்தவன் நான். சரி, அதை விடு.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொறுமையாக விற்கலாம் என்றுதான் சொன்னேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்றேன். முதலில் ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும், நோட்டின் எண், காகிதம், நிலை எல்லாம் எழுத வேண்டும், பட்டியல் இல்லாமல் போனால் தலையைத் தடவிவிடுவார்கள் என்றேன். அண்ணன் சரி என்றார். பட்டியல் தயாரிக்க ஏழு வாரம் எடுத்துக்கொண்டேன். பத்து நாள் வேலைதான் அது. ஆனால் அந்த ஏழு வாரமும் அண்ணி நன்றாகத்தான் இருந்தார், நடமாடிக்கொண்டுதான் இருந்தார். டாக்டர்கள் எப்போதும் பயமுறுத்தி வைப்பார்கள் என்று நான் நம்பினேன். அது ஒரு குற்றமா என்று எனக்குத் தெரியவில்லை.

பட்டியல் முடிந்ததும் வேறு சாக்கு இல்லை. இந்த ஊரில் அப்போது நோட்டு வாங்குகிற பெரிய வியாபாரி ஒருவர்தான். கழுத்தில் எப்போதும் கயிறு கட்டின லென்ஸ் தொங்கும், அதனால் லென்ஸ்காரர் என்றே பெயர். அண்ணனால் அண்ணியை விட்டு நகர முடியவில்லை. ஒன்பதையும் நானே எடுத்துக்கொண்டு போனேன். அந்த மனிதர் ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்த மாதிரி சுத்தமா நான் பார்த்ததில்லைங்க, தண்ணி படல, சூடு படல" என்றார். அங்கேயே உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். உன் கையில் இருப்பது அதுதான். விலை போட்டிருக்கிறார் பார். ஆபரேஷன், மருந்து, அதற்குப் பிறகு அண்ணி ஒரு வருடம் உட்கார்ந்து சாப்பிட, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டுப்படியாகிற விலை. மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வாங்கி என்ன செய்வீர்கள் என்று விசாரித்தேன். ஒன்பது பேர் ஒன்பது ஊரில் காத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்றாகப் போகும் என்றார்.

பைண்டிங் கடைக்கு நடந்தே வந்தேன். ஒன்பதும் பையில் இருந்தது. ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்றே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. உனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். உனக்குச் சொந்தமாக வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, நாளைக்கு ஒரு குடும்பம் வரும். எனக்கு வாரத்தில் ஒரு காலை இருந்தது. அந்தப் போர்வையைச் சுற்றி உட்காரும்போதுதான் நான் அந்த வீட்டு ஆள். மற்ற ஆறு நாளும் பின்கட்டில் இருக்கிற ஒண்டிக்கட்டை. ஒன்பது போனால் மீதியையும் அண்ணன் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் சுபாவம் எனக்குத் தெரியாதா.

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். எந்தக் காகிதத்தையும் கிழிக்க எனக்குக் கை வராது, தொழில் அப்படி. மூன்றாவது ஆல்பத்தின் உள் தாளைப் பிரித்து, கடிதத்தை உள்ளே வைத்து, மறுபடி ஒட்டினேன். அந்தப் பசை இத்தனை வருடம் தாங்கியதே பெரிது.

மறுநாள் வீட்டுக்குப் போனதும் அண்ணனை ஜன்னலருகே கூப்பிட்டேன். "லென்ஸ்காரர் வேண்டாம்னுட்டார்ணா. இஸ்திரி போட்டதுன்னு சொல்றார்" என்றேன்.

"எதுடா?"

"ஒம்பதும்."

"நான் அதுல கை வைக்கலையேடா. அந்தக் கவர் வந்தப்போ நான் அதையெல்லாம் நிறுத்திட்டேனே."

"எப்போ நிறுத்துனீங்க? தேதி ஞாபகம் இருக்கா?"

நான் ஜன்னல் வெட்டி உறைக்குள் வைத்த பிறகு அந்த ஒன்பதையும் அவர் விரலால் தொட்டதே இல்லை. முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் எந்த மாதம் என்ன செய்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும். ஒன்பதாவது நோட்டை அவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் தடவினார். இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். மழமழவென்று இருந்தது, எழுத்து ஒன்றுகூட விரலுக்குத் தட்டவில்லை. "மீதி எட்டையும் பார்க்கறீங்களா" என்று கேட்டேன். அது எனக்குக் கொஞ்சம் படபடப்பான நேரம்தான். அவர் கையை எடுத்துவிட்டார். "வேணாம்டா" என்று சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்தார். "என் கையாலயேவாடா" என்றார்.

கட்டிலில் படுத்திருந்த அண்ணிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. "விடுங்க. ஆசையாப் பண்ணதுதானே. கெடுக்கணும்னா பண்ணீங்க?" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க வேற மொகத்த இப்படி வச்சுக்காதீங்க. உங்களால ஆனத செஞ்சீங்க" என்றார்.

அந்த ஒரு நிமிடம் நான் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் போய்ப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் போகட்டும், வேறு வியாபாரி கிடைத்தார் என்று ஏதாவது சொல்லிச் சரிக்கட்டிவிடலாம் என்று இருந்தேன். லென்ஸ்காரர் ஒரு முறை வீட்டு வாசலுக்கே வந்தார். வீட்டில் உடம்பு சரியில்லை, இப்போது விற்கிற எண்ணம் இல்லை என்று வாசலிலேயே அனுப்பினேன். அண்ணன் வண்டியை விற்றார், தொழிற்சங்கத்தில் கடன் கேட்டார், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் நாயாக அலைந்தார். கால்வாசிகூடத் தேறவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம், தண்ணீர் கேட்டுவிட்டு, அதைக் கொண்டுவருவதற்குள் அண்ணி போய்விட்டார். டம்ளரோடு நின்றது நான்தான்.

அதற்குப் பிறகு உன் அப்பா இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. உனக்குத் தெரியும், கசங்கின சட்டையோடுதான் வேலைக்குப் போவார். ஓய்வு பெறுகிற அன்று மாலை போட்டார்கள், அன்றைக்கும் அப்படித்தான். "ஏம்பா இப்படிக் கசங்கிப் போய் நிக்கறீங்க" என்று நீ ஒரு தடவை சத்தம் போட்டாய். அன்றைக்குத்தான் அவர் உன்னிடம் தன் கையால் எல்லாம் கெட்டது என்று சொல்லியிருக்கிறார். நீ இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. அவர் தினமும் சாயங்காலம் உன் போன் வருமா என்று உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் இருந்து, வரும்ணா, சின்னப் பிள்ளை, கோபம் ஆறினால் கூப்பிடும் என்று ஆறுதல் சொல்வேன். அவரைக் கடைசிவரை தனியாக விடவில்லை நான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும்தான். ஆல்பத்தைத் திறந்து வைப்பேன். அவர் தொடமாட்டார், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். பதினொரு வருடம் அப்படியே ஓடியது.

இப்போது நீ என்னை அப்படிப் பார்க்கிறாய். சூடு படவில்லை என்று லென்ஸ்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார், மறுநாள் அப்பா விரலுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்றுதானே கேட்கப் போகிறாய். சொல்கிறேன். எழுதித் தரச் சொன்னாலும் எழுதித் தருகிறேன், கையெழுத்தும் போடுகிறேன்.

வெறும் வாய்ப்பேச்சை அண்ணன் நம்பமாட்டார், கையால் தொட்டால்தான் நம்புவார். அதனால் கடிதத்தை ஒட்டின கையோடு கடைக் கதவைச் சாத்தினேன். எட்டு நோட்டை உறைக்குள் வைத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை, நீயே தடவிப் பார்க்கலாம். ஒன்பதாவதை மட்டும் எடுத்தேன். தண்ணீரில் நனைத்து, இரண்டு ஒற்றுத் தாளுக்கு நடுவில் வைத்து, தோல் அட்டைக்குப் போடுகிற இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி வைத்தேன். கொஞ்சம் நீராவி வந்தது. தாளைத் தூக்கிப் பார்த்தபோது அந்த எழுத்தெல்லாம் படுத்திருந்தது. அண்ணி போன அன்று எனக்கு அழுகை வரவில்லை பாப்பா, ஏனென்று தெரியவில்லை. இஸ்திரி போட்ட அன்று கடையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அவ்வளவு அழகான நோட்டு. இப்போதுகூட அதை நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

ஆகவே ஒன்பதையும் சேர்த்தே ஏலத்துக்கு அனுப்பு, பிரிக்காதே. அனுப்பும்போது ஒன்பதாவது நோட்டில் சூடு பட்டிருக்கிறது என்று மறைக்காமல் பட்டியலில் எழுதிவிடு. நம் வீட்டு ஆட்கள் ஒருத்தரை ஏமாற்றினார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.